முதுமையில் முற்றும் கோளாறு: டகாட்டா ஏர்பேக்குகளும் பழைய கார்களின் காத்திருப்பும்

1. கேள்வி

2014 செப்டம்பர் இறுதியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் ஓர்லாண்டோவில் ஒரு பெண் ஓட்டிச்சென்ற 2001ஆம் ஆண்டு ஹோண்டா அக்கார்ட் கார் மோதி நின்றது. சில நாள்களில் அவர் இறந்துபோனார். கழுத்திலிருந்த காயங்கள் கத்திக்குத்துப் போலத் தெரிந்ததால், காவல்துறை முதலில் கொலை என்ற கோணத்தில்தான் விசாரித்தது. கழுத்தைக் கிழித்தது ஏர்பேக்கின் உள்ளிருந்து சிதறிய உலோகத் துண்டு என்பது பிறகே புலப்பட்டது. அந்தக் காரின் ஏர்பேக்கை மாற்றிக்கொள்ளும்படி ஹோண்டா அனுப்பிய கடிதம், அவர் இறந்து ஒரு வாரத்துக்கும் மேலான பின் வீட்டு முகவரிக்கு வந்து சேர்ந்தது.

ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக் இன்ஃபிளேட்டர்களால் அமெரிக்காவில் மட்டும் 28 பேர் இறந்ததாக அந்நாட்டின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு முகமை உறுதிசெய்திருக்கிறது. காயமடைந்தவர்கள் குறைந்தது 400 பேர். அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6.7 கோடி, உலக அளவில் 10 கோடி அளவுக்கு இன்ஃபிளேட்டர்கள் ரீகால் செய்யப்பட்டன. வாகன வரலாற்றில் இதைவிடப் பெரிய ரீகால் நடந்ததில்லை. இதைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் டகாட்டாவின் மோசடியை மையமாக வைத்தார்கள். மோசடி நடந்தது உண்மை. நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டதும் உண்மை. ஆனால் 2008இல் தொடங்கிய ரீகால், பதினாறு ஆண்டுகள் கழித்தும் 'இந்தக் காரை ஓட்டாதீர்கள்' என்று புதிய எச்சரிக்கைகளை வெளியிட வேண்டிய நிலையில் இருந்ததற்கு மோசடி மட்டுமே காரணமாக முடியாது. 2024 ஜனவரியில் டொயோட்டா அப்படிச் சொன்னது 2003-2005 காலத்து கரோலா, மேட்ரிக்ஸ், ரேவ்4 வண்டிகளைப் பற்றி. அவற்றின் வயது அப்போது இருபதை ஒட்டியிருந்தது.

பழைய கார்களில் பழுதுநீக்கம் ஏன் இவ்வளவு தாமதமானது? இதுவே இக்கட்டுரையின் கேள்வி. ரீகால் என்ற ஏற்பாடு, கோளாறு காரோடு பிறக்கிறது என்றும், காலம் செல்லச்செல்ல அதன் முக்கியத்துவம் குறையும் என்றும் அனுமானித்து வடிவமைக்கப்பட்டது. டகாட்டா இன்ஃபிளேட்டரின் கோளாறோ வயதேற ஏற முற்றுவது. இரண்டு கடிகாரங்களும் எதிரெதிர்த் திசையில் ஓடின என்பதே என் வாதம்.

2. இன்ஃபிளேட்டருக்குள் நடப்பது

மோதலை உணர்கருவி கண்டுணர்ந்ததும் ஒரு மின்பொறி இன்ஃபிளேட்டருக்குள் செல்கிறது. உலோகக் குடுவைக்குள் வில்லைகளாக அழுத்தி அடுக்கப்பட்ட ரசாயனம் பற்றி எரிந்து வாயுவாகிறது. அந்த வாயு வடிகட்டியைக் கடந்து நைலான் பையை நிரப்புகிறது. எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், சில பத்து மில்லிநொடிகளில். எரியும் வேகம் வில்லையின் பரப்பைப் பொறுத்தது. விறகுக்கட்டை நின்று எரிகிறது, மரத்தூள் குபீரென்று பற்றுகிறது; வில்லை பொடிந்துபோனாலும் அதே கதைதான். வாயு மிகையாகவும் மிக வேகமாகவும் உருவாகி, குடுவை அழுத்தம் தாங்காமல் வெடிக்கிறது. ஓட்டுநரின் முகத்துக்கும் மார்புக்கும் நேரெதிரே இருக்கும் ஸ்டீயரிங்கின் நடுவிலிருந்து இரும்புத் துண்டுகள் பாய்கின்றன.

தொடக்கக்கால ஏர்பேக்குகளில் சோடியம் அசைடு பயன்பட்டது. அது நச்சுத்தன்மை கொண்டது என்பதால் துறை மாற்று தேடியது. டகாட்டா முதலில் டெட்ரசோல் வகைச் சேர்மத்துக்கும், 2000ஐ ஒட்டி அம்மோனியம் நைட்ரேட்டுக்கும் மாறியது. அம்மோனியம் நைட்ரேட் மலிவானது, அதிக வாயு தருவது, கழிவுப் புகை குறைவானது. தமிழ் வாசகர்கள் இந்தப் பெயரை 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் சிதறியபோதும், அதைத் தொடர்ந்து சென்னை மணலியில் சுங்கத்துறையின் பிடியில் பல ஆண்டுகளாகக் கிடந்த சுமார் 700 டன் சரக்கு செய்தியானபோதும் கேட்டிருப்பார்கள். கல்குவாரி வெடிமருந்தாகவும் உரமாகவும் பயன்படும் பொருள். அதை ஏர்பேக்கில் வைக்கப் போட்டி நிறுவனங்கள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. வெப்பநிலை மாறும்போது இதன் படிக அமைப்பு மாறும். கூடவே கன அளவும் மாறும். ஈரத்தையும் எளிதில் உறிஞ்சும். பொட்டாசியம் நைட்ரேட் போன்றவற்றைச் சேர்த்து படிக மாற்றத்தைக் கட்டுப்படுத்திவிட்டதாக டகாட்டா நம்பியது, அல்லது நம்பவைத்தது.

பத்து கார் நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த சுதந்திரப் பரிசோதனைக் கூட்டமைப்பு, ஏவுகணை உந்துபொருளில் அனுபவமுள்ள ஆர்பிட்டல் ஏடிகே நிறுவனத்திடம் ஆய்வை ஒப்படைத்தது. 2016 பிப்ரவரியில் வெளியான முடிவு மூன்று காரணங்கள் ஒருசேர வேண்டும் என்றது: ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்கப்படாத அம்மோனியம் நைட்ரேட், வெளி ஈரம் உள்ளே கசிய இடந்தரும் குடுவை வடிவமைப்பு, ஈரமான சூழலில் நீண்டகாலமாகத் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் வெப்பம். மூன்றாவது காரணம்தான் நம் கேள்விக்கு முக்கியமானது. பகலில் வெயிலில் நிற்கும் கார் கொதிக்கிறது, இரவில் குளிர்கிறது. முன் கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டுக்குள் இருக்கும் பயணி ஏர்பேக் இன்னும் அதிகமாகக் காய்கிறது. ஒவ்வொரு நாளும் வில்லை சிறிது சிறிதாகத் தன் இறுக்கத்தை இழக்கிறது. அமெரிக்க முகமை ஏற்றுக்கொண்ட கணிப்பின்படி, மிக வெப்பமும் ஈரமும் உள்ள மண்டலத்தில் இன்ஃபிளேட்டர் ஆபத்தான நிலையை எட்ட ஆறு முதல் ஒன்பது ஆண்டுகள் ஆகும். இடைமண்டலத்தில் பத்து முதல் பதினைந்து. குளிர்ந்த வடக்கில் பதினைந்து முதல் இருபது.

ஆகவே புதிய காரில் இது பாதுகாப்பான பாகம். தயாரிப்பாளர் விற்ற நாளில் சோதித்தாலும் பெரும்பாலும் தேறியிருக்கும். பத்தாண்டுகள் கழித்து அதே பாகம், அதே காரில், எவரும் தொடாமலேயே, வேறொரு பொருளாகிவிடுகிறது.

3. சிறு தொகுதிகளாக நீண்ட ஒப்புதல்

இந்த வேதியியல் தெளிவாகும்வரை நிறுவனம் சொன்ன விளக்கம் வேறு: ஆலைப்பிழை. வாஷிங்டன் மாநிலத்தின் மோசஸ் லேக் ஆலையில் வில்லையை அழுத்தும் இயந்திரத்தில் பழுதானவற்றைத் தானாக ஒதுக்கும் வசதி சில காலம் அணைக்கப்பட்டிருந்தது. மெக்சிகோவின் மோன்குளோவா ஆலையில் ஈரக்கட்டுப்பாடு சரியில்லை. இவை பொய் அல்ல. ஆனால் ஆலைப்பிழை என்றால் பிழையான தொகுதி எது என்று தேதி குறித்து எல்லை கட்டலாம். 2008 நவம்பரில் ஹோண்டா ரீகால் செய்தது சுமார் 4,000 கார்களை மட்டுமே. அடுத்த ஆண்டு மே மாதம் ஓக்லஹோமாவில் பதின்வயதுப் பெண் ஒருவர் 2001 அக்கார்டில் இறந்தார். ரீகால் எல்லை விரிந்தது. 2010இலும் 2011இலும் மீண்டும் விரிந்தது. 2013 ஏப்ரலில் டொயோட்டா, ஹோண்டா, நிசான், மாஸ்டா கார்கள் முப்பது லட்சத்துக்கு மேல் சேர்ந்தன. 2015 மே மாதம்தான் தன் இன்ஃபிளேட்டர்கள் குறையுள்ளவை என்று டகாட்டா பரந்த அளவில் ஒப்புக்கொண்டது. அப்போது பேசப்பட்ட எண்ணிக்கை ஏறத்தாழ 3.4 கோடி. ஓராண்டில் அதுவும் இரட்டிப்பானது.

ஆலைப்பிழையா, வடிவமைப்புப் பிழையா என்ற விவாதம் ஏதோ பொறியாளர்களின் நுணுக்கச் சர்ச்சை என்று தோன்றலாம். தாமதத்தின் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது. ஆலைப்பிழை என்றால் சில ஆயிரம் உதிரிபாகங்கள் போதும். தயாரிப்பு வரிசையை மாற்ற வேண்டியதில்லை. பொருளே தவறு என்றால் இருப்பிலுள்ள மாற்றுப் பாகமும் தவறு. டகாட்டா 2000ஆம் ஆண்டளவில் இருந்தே, சோதனையில் இன்ஃபிளேட்டர்கள் வெடித்ததை மறைத்துக் கார் நிறுவனங்களுக்குப் பொய்த் தரவு கொடுத்தது என்பது 2017 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறையுடன் அது செய்துகொண்ட ஒப்புதலில் பதிவாகியிருக்கிறது. தண்டனைத் தொகை 100 கோடி டாலர். அதில் 85 கோடி கார் நிறுவனங்களுக்கு இழப்பீடு, 12.5 கோடி பாதிக்கப்பட்டவர்களுக்கு, 2.5 கோடி அபராதம். தொகையின் பங்கீட்டைப் பார்த்தால் இந்தக் கதையில் யார் பாதிக்கப்பட்டவர் என்று நீதிமன்றம் கருதியது என்ற கேள்வி எழாமல் இருக்காது. 2017 ஜூனில் டகாட்டா திவாலானது. 2018இல் சீன உரிமையிலுள்ள போட்டி நிறுவனம் அதன் சொத்துகளை வாங்கிக்கொண்டது.

இன்னொரு தாமதம் நிலப்படத்தைப் பிரித்ததில் வந்தது. 2014 கோடையில் ரீகால்கள் ஃபுளோரிடா, ஹவாய், போர்ட்டோ ரிக்கோ போன்ற ஈரமான பகுதிகளில் பதிவான கார்களுக்கு மட்டுமே. ஆபத்து அதிகமுள்ள இடத்துக்கு முதலில் பாகம் போகட்டும் என்பது நியாயமான தர்க்கம்தான். ஆனால் கார் ஓரிடத்தில் நிற்பதில்லை. மயாமியில் எட்டு ஆண்டு வெந்த கார் விற்கப்பட்டு ஒஹாயோ பதிவெண்ணுடன் ஓடும். வட கரோலினாவில் ஒரு ஃபோர்டு முஸ்டாங்கின் ஓட்டுநர் ஏர்பேக் வெடித்த பிறகே, 2014 நவம்பரில், ஓட்டுநர் பக்க ரீகாலை நாடு முழுவதும் விரிக்குமாறு முகமை வற்புறுத்தியது.

4. உதிரிபாகத் தட்டுப்பாடு எவ்வளவு விளக்குகிறது?

தாமதத்துக்கு அதிகம் சொல்லப்படும் காரணம் பாகம் கிடைக்காதது. கணக்கு எளிது. 2014 டிசம்பரில் டகாட்டா மாதம் 3.5 லட்சம் மாற்றுப் பாகங்கள் தயாரிப்பதாகவும் அதை 4.5 லட்சமாக உயர்த்தப்போவதாகவும் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் தெரிவித்தது. சில மாதங்களில் எட்டப்பட்ட 3.4 கோடி என்ற எண்ணிக்கையை அந்த வேகத்தால் வகுத்தால் ஆறு ஆண்டுக்கும் மேல் வருகிறது. ஆட்டோலிவ், டிஆர்டபிள்யூ, டைசெல் போன்ற போட்டியாளர்கள் உள்ளே வந்து உற்பத்தி பெருகியது. ஆனால் அவர்களின் இன்ஃபிளேட்டர் ஒவ்வொரு கார் மாடலின் பைக்கும் பொருந்துமாறு புதிதாக வடிவமைக்கப்பட்டுச் சோதிக்கப்பட வேண்டும். இடைக்காலத்தில் பல கார்களுக்கு அதே ரசாயனம் கொண்ட புதிய இன்ஃபிளேட்டரே பொருத்தப்பட்டது. சில ஆண்டுகள் தாங்கும், பிறகு மறுபடி வாருங்கள் என்ற நிபந்தனையுடன். ஒரு ரீகாலின் தீர்வே மற்றொரு ரீகாலின் பொருளானது.

2015 நவம்பரில் முகமை பிறப்பித்த ஒருங்கிணைந்த பழுதுநீக்க உத்தரவு, தனித்தனி நிறுவனங்களின் போட்டாபோட்டியை நிறுத்தி ஒரு வரிசை வகுத்தது. காரின் வயது, அது ஓடிய மண்டலத்தின் ஈரமும் வெப்பமும், ஏர்பேக் இருக்கும் இடம் ஆகியவற்றைக் கொண்டு முன்னுரிமைக் குழுக்கள் பிரிக்கப்பட்டன. பழையதும் தெற்கில் ஓடியதும் முதலில். என் பார்வையில், இந்த நீண்ட கதையில் கோளாறின் கடிகாரத்தைச் சரியாகப் படித்த முதல் நிர்வாக ஆவணம் அதுதான்.

இருந்தும் தட்டுப்பாட்டு விளக்கம் ஒரு சான்றின் முன் தடுமாறுகிறது. 2001-2003 காலத்து ஹோண்டா, அக்யூரா கார்கள் சிலவற்றில் இருந்த 'ஆல்ஃபா' வகை இன்ஃபிளேட்டர்கள் எல்லாவற்றிலும் மோசமானவை. ஆய்வகச் சோதனையில் சில 50 சதவீதம் வரை வெடித்தன. இவை 2008 முதல் 2011 வரையிலேயே ரீகால் செய்யப்பட்டவை. பெரும் வெள்ளம் தொடங்கும் முன்பே அழைக்கப்பட்டவை என்பதால் பாகம் இருந்தது. இலவசமாக மாற்றித் தரத் தயாராக இருந்தார்கள். மொத்தம் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கார்களில் 70 சதவீதத்துக்கு மேல் மாற்றியாகிவிட்டது. அமெரிக்க வழக்கத்தில் அது மோசமான விகிதமல்ல. ஆனால் 2016 ஜூன் 30 அன்று முகமை எச்சரிக்கை விடுத்தபோது 3,13,000 கார்கள் மாற்றப்படாமல் சாலையில் இருந்தன. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கடந்த பிறகும், பாகம் கையிருப்பில் இருந்தும். அதற்கு ஏழு ஆண்டு கழித்து, 2023 பிப்ரவரியில், அந்த வகையில் மீந்திருந்த சுமார் 8,200 கார்களை ஓட்டவே வேண்டாம் என்று ஹோண்டா மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

5. கார் கைமாறும்போது

இங்கே இரண்டாவது விளக்கம் நுழைகிறது: உரிமையாளர்களின் அலட்சியம். கடிதம் போனது, அவர்கள் வரவில்லை. கார் நிறுவனங்களுக்கு இது வசதியான விளக்கம்; எனினும் முற்றிலும் பொய்யுமல்ல. தினக்கூலி வேலையில் இருப்பவருக்கு ஒரு நாள் சர்வீஸ் சென்டரில் செலவழிப்பது ஒரு நாள் சம்பளம். வண்டி ஓடுகிறது, விளக்கு எரியவில்லை, சத்தம் இல்லை. ஏர்பேக் கோளாறுக்கு அறிகுறியே கிடையாது. முதல் அறிகுறியே வெடிப்புதான்.

அலட்சியம் என்று தீர்ப்பெழுதும் முன், இருபது ஆண்டு பழைய கார் யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் உரிமையாளர் டீலரிடம் வாங்கியவர், அவர் பெயரும் முகவரியும் நிறுவனத்தின் பட்டியலில் உண்டு, சர்வீஸும் அங்கேயே. மூன்றாவது, நான்காவது கை உரிமையாளர் தெருமுனை மெக்கானிக்கிடம் போகிறவர். வாடகை வீடு மாறுகிறவர். சில இடங்களில் ஆங்கிலக் கடிதத்தைப் படிக்க இயலாத குடியேறி. ரீகால் கடிதமோ கடன் அட்டை விளம்பரம் போன்ற உறையில், சட்டம் வகுத்த இறுகிய மொழியில் வந்தது. முகமை நியமித்த சுதந்திரக் கண்காணிப்பாளர் ஜான் புரெட்டா 2017 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் விரிவாகச் சொல்கிறது: நிறுவனத்துக்கு நிறுவனம் நிறைவேற்ற விகிதம் பெருமளவு வேறுபட்டது; குறுஞ்செய்தி, வீடு தேடிச் செல்லல், சுதந்திர மெக்கானிக்குகளைச் சேர்த்துக்கொள்ளல், இந்த ஏர்பேக் உயிரைப் பறிக்கும் என்று நேரடியாக எழுதல் ஆகியவற்றைக் கையாண்டவர்கள் முன்னேறினார்கள். ஒரே மக்கள், ஒரே வகைக் கார்கள், வேறுபட்ட அணுகுமுறை, வேறுபட்ட விளைவு. அலட்சியம் மட்டுமே காரணமென்றால் இந்த வேறுபாடு தோன்றியிருக்கக் கூடாது.

சட்டமும் முதல் கைக்காரரையே மனதில் வைத்து எழுதப்பட்டது. அமெரிக்கச் சட்டப்படி இலவசப் பழுதுநீக்கத்துக்கான கடமைக்கு வயது வரம்பு உண்டு: முதல் விற்பனையிலிருந்து பத்து ஆண்டு என்றிருந்தது, 2015 டிசம்பரில் பதினைந்தாக உயர்த்தப்பட்டது. டகாட்டா விஷயத்தில் நிறுவனங்கள் அந்த வரம்பைக் காட்டி மறுக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் சட்டம் எதை இயல்பு என்று கருதுகிறது என்பது அதில் தெரிகிறது. அதே 2015 சட்டம், வாடகைக்கு விடும் பெரிய நிறுவனங்கள் ரீகால் நிலுவையுள்ள காரைப் பழுதுநீக்காமல் வாடகைக்கு விடக் கூடாது என்றது. பழைய கார் வியாபாரிக்கு அப்படியொரு தடை விதிக்கவில்லை. வெடிக்கக்கூடிய ஏர்பேக்குடன் ஒரு காரை மூன்று நாள் வாடகைக்குக் கொடுத்தால் குற்றம். ஒரேயடியாக விற்றுவிட்டால் கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றமில்லை!

பழைய காரின் உடைசல் வாழ்க்கை மற்றொரு கதை. 2017 மார்ச்சில் லாஸ் வேகாஸில் பதின்வயதுப் பெண் ஒருவர் ஏர்பேக் வெடித்துப் படுகாயமடைந்தார். அவருடைய 2002 அக்கார்டில் இருந்த ஏர்பேக், முந்தைய விபத்துக்குப் பிறகு வேறொரு 2001 அக்கார்டிலிருந்து கழற்றிப் பொருத்தப்பட்டது. அந்தப் பழைய காருக்கு ரீகால் இருந்தது. ஆனால் பாகம் இப்போது வேறு அடிச்சட்ட எண்ணின் கீழ் ஓடிக்கொண்டிருந்தது. அடிச்சட்ட எண்ணைத் தேடும் எந்தப் பட்டியலும் அவரை எச்சரித்திருக்க முடியாது. இந்த ஆபத்தை உணர்ந்த ஹோண்டா பழைய உடைசல் கிடங்குகளிலிருந்தே இன்ஃபிளேட்டர்களை வாங்கி அகற்றத் தொடங்கியது.

பழைய காரும் ஈர வெப்பமும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மலேசியாவின் நிகழ்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவுக்கு வெளியே முதல் மரணம் 2014 ஜூலையில் சரவாக்கின் சிபு நகரில், 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டியில். தொடர்ந்து 2016இல் ஜோகூரிலும் பிற மாநிலங்களிலும். ஆண்டு முழுவதும் ஈரமும் வெப்பமும் நிலவும் நாடு. கார்களைப் பதினைந்து இருபது ஆண்டு விடாமல் ஓட்டும் வழக்கம். வேதியியலும் சமூகமும் ஒரே திசையில் சாய்ந்த இடம் அது.

6. பதிவேட்டின் வழியே

ஆஸ்திரேலியாவில் 2009 முதல் தன்விருப்ப ரீகால்கள் நடந்தன, மந்தமாகவே நடந்தன. 2017 ஜூலையில் சிட்னியில் ஒருவர் இறந்தபின், அரசு 2018 மார்ச் 1 முதல் கட்டாய ரீகால் விதித்தது. ஏறத்தாழ 30 லட்சம் வாகனங்கள், 40 லட்சம் ஏர்பேக்குகள். 2020 டிசம்பர் 31 கடைசி நாள். அதற்குள் 99.9 சதவீதத்துக்கு மேல் மாற்றப்பட்டோ, கார் உடைக்கப்பட்டது எனக் கணக்கு முடிக்கப்பட்டோ இருந்தது. வராத கார்களின் பதிவைப் புதுப்பிக்க மறுக்கவும் ரத்து செய்யவும் மாநிலங்கள் முன்வந்தன.

ஜப்பான் தன் வாகனத் தகுதிச் சோதனையையே கருவியாக்கியது. அங்கே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 'ஷாகென்' சோதனையில் தேறாத கார் சாலையில் ஓட முடியாது. 2018 மே முதல், ஆபத்து மிகுந்த டகாட்டா இன்ஃபிளேட்டர் மாற்றப்படாத கார் அதில் தேறாது என்று விதித்தார்கள். உரிமையாளரின் முகவரியைத் துரத்த வேண்டிய தேவையே இல்லாமல் போனது. கார் தானாகவே வந்து நின்றது.

இந்த எடுத்துக்காட்டுகளுக்கு ஒரு மறுப்பு உண்டு. கட்டாயப்படுத்துவது ஏழை உரிமையாளரின் ஒரே வாகனத்தைப் பறிப்பதாகும், பாகம் கிடைக்காத காலத்தில் அது இரட்டைத் தண்டனை என்பது அந்த மறுப்பு. பிரான்சில் இது நேரடியாகத் தெரிந்தது. சிட்ரோயென் சி3, டிஎஸ்3 கார்களுக்கான 'ஓட்டாதீர்கள்' அறிவிப்பு 2024இல் வெப்பமான தெற்கில் தொடங்கியது. அமெரிக்காவின் 2014 பிழையை அப்படியே மறுபடி நடித்ததுபோல, வடக்கு பிறகு வந்தது. 2025 ஜூனில் வடக்கிலுள்ள ரேன்ஸ் நகரில் ஒரு பெண் இறந்ததும், அமைச்சகம் தயாரிப்பு ஆண்டு பாராமல் டகாட்டா ஏர்பேக் உள்ள எல்லா சி3, டிஎஸ்3 கார்களையும் நிறுத்தச் சொன்னது. ஏராளமானவர்கள் மாற்று வண்டியில்லாமல் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். எனவே கட்டாயம் என்பது நிறுவனத்தின் தோளிலும் விழ வேண்டும்: மாற்று வாகனம், வீட்டுக்கே வந்து பழுதுநீக்கம், அல்லது காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுதல். ஆஸ்திரேலியா தேதிகளை உரிமையாளருக்கு விதிக்கும் முன் இறக்குமதியாளருக்கு விதித்தது என்பது கவனிக்கத் தக்கது.

7. இந்தியாவின் ஏழாண்டு வரம்பு

இந்தியாவில் டகாட்டா ரீகால்களின் பெரும்பகுதி ஹோண்டாவுடையது. 2016 ஜூலையில் சுமார் 1.9 லட்சம், 2017 ஜனவரியில் 41,580, 2018 ஜனவரியில் 22,834 கார்கள். பெரும்பாலும் சிட்டி, ஜாஸ், சிவிக், அக்கார்ட். அப்போது ரீகாலுக்குச் சட்டமே இல்லை. வாகனத் தயாரிப்பாளர் சங்கம் 2012இல் வகுத்துக்கொண்ட தன்விருப்ப நெறி மட்டுமே. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110ஏ பிரிவில் ரீகால் உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. விற்பனை அளவைப் பொறுத்துக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் புகார்கள் சேர்ந்தால் கட்டாய ரீகால். அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை. ஆனால் வாகனத்தின் வயது ஏழு ஆண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும்.

ஏழு ஆண்டுக்கு மேல் வரும் புகார்களில் தேய்மானம் எது, பிறவிக் கோளாறு எது என்று பிரிப்பது கடினம். தயாரிப்பாளரை எல்லையில்லாப் பொறுப்பிலிருந்து காக்க வேண்டும். இந்த வரம்புக்கு இவ்வாறு நியாயம் கற்பிக்கலாம். பிரேக் பட்டைக்கும் சஸ்பென்ஷன் புஷ்ஷுக்கும் அது பொருந்தும். ஏர்பேக் தேயும் பாகமல்ல. யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. ஒருமுறை பயன்பட்டால் அதோடு முடிந்தது. முன்னர் பார்த்த கணிப்பின்படி, மிக வெப்ப ஈர மண்டலத்தில் ஆபத்து முற்றத் தொடங்குவது ஆறாம் ஆண்டுக்கும் ஒன்பதாம் ஆண்டுக்கும் இடையில். சென்னையும் தூத்துக்குடியும் கொச்சியும் மும்பையும் எந்த மண்டலத்தைச் சேர்ந்தவை என்பதற்கு ஆய்வு தேவையில்லை. டகாட்டா போன்றதொரு கோளாறு இங்கே புதிதாகத் தோன்றினால், அது தன்னைக் காட்டும் வேளையில் கட்டாய ரீகால் அதிகாரம் காலாவதியாகியிருக்கும். எண்ணிக்கை வரம்பும் அதே சிக்கலைப் பெருக்குகிறது. அறிகுறியே இல்லாத கோளாறுக்குப் புகார் எழுதப் பிழைத்திருக்க வேண்டும்.

பழைய கார் அரசின் கண்ணில் படாமலும் இல்லை. பதினைந்து ஆண்டு முடிந்த சொந்த வாகனம் பதிவைப் புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வந்தே ஆக வேண்டும். பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்க்கிறார்கள். அடிச்சட்ட எண்ணைச் சரிபார்க்கிறார்கள். 'வாஹன்' தரவுத்தளத்தில் இப்போதைய உரிமையாளரின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கின்றன. கார் கைமாறும்போது பெயர்மாற்றமும் அதில்தான் பதிவாகிறது. ஜப்பான் செய்ததைச் செய்யத் தேவையான உறுப்புகள் ஏற்கெனவே உள்ளன. ஆனால் ரீகால் நிலுவை நீங்கியிருப்பதைப் பதிவுப் புதுப்பிப்புக்கும் பெயர்மாற்றத்துக்கும் நிபந்தனையாக்கும் விதி இல்லை.

இதுவரை இந்தியாவில் இது ஒரு சிறு சிக்கலாகவே இருந்ததற்குக் காரணம், பழைய கார்களில் பெரும்பாலானவற்றில் ஏர்பேக்கே கிடையாது என்பதுதான். ஓட்டுநர் ஏர்பேக் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல். முன்பயணி ஏர்பேக் அதற்கு இரண்டு ஆண்டுக்குப் பின். அந்த முதல் தலைமுறைக் கார்கள் 2026 ஜூலை முதல் ஒவ்வொன்றாக ஏழு வயதைக் கடக்கின்றன. அவற்றின் இன்ஃபிளேட்டர்களில் இருப்பது அம்மோனியம் நைட்ரேட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்கப்பட்டுப் பாதுகாப்பானவை என்று கருதப்பட்ட டகாட்டா இன்ஃபிளேட்டர்களைக்கூட அமெரிக்க முகமை 2021 செப்டம்பரில் சுமார் மூன்று கோடி வாகனங்களில் மறுவிசாரணைக்கு எடுத்துக்கொண்டது. விசாரணைக்கு வந்த கார்களில் மிகப் பழையவற்றின் வயது அப்போது இருபது.